பரிமாற்று மாணவியாக ஜப்பானுக்கு: ஓராண்டா, அரையாண்டா?

வெள்ளவத்தை மாணவி:

வணக்கம். நான் கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் புவியியலைச் சிறப்புப் பாடமாகக் கற்கிறேன். இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில் இருக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ஜப்பானின் செண்டாய் நகரிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கும் இடையே மாணவர் பரிமாற்ற உடன்படிக்கை இருக்கிறது. அதன்கீழ் அடுத்த கல்வியாண்டில் எங்கள் துறையிலிருந்து ஒருவரை அனுப்பலாம் என்றும், சம்மதமானால் என் பெயரைப் பரிந்துரைப்பதாகவும் துறைத்தலைவர் கூறியிருக்கிறார். ஒரு பருவத்துக்கும் போகலாம், முழு ஆண்டுக்கும் போகலாம்; முடிவை இம்மாத இறுதிக்குள் சொல்லவேண்டும்.

அனர்த்த முகாமைத்துவத்தில் எனக்கு ஆர்வம் அதிகம். எங்கள் பாடத்திட்டத்தில் நாங்கள் படிக்கும் 2015ஆம் ஆண்டின் செண்டாய்ச் சட்டகம் (அனர்த்த அபாயத்தைக் குறைப்பதற்கான ஐ.நா. உடன்பாடு) அந்த நகரில்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதால், அந்தப் பெயரைக் கேட்டதுமே மனம் அங்கே போய்விட்டது. ஆனால் வீட்டில் நிலைமை வேறு. அம்மா மட்டக்களப்பைச் சேர்ந்தவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கல்லடியில் உறவினர்களை இழந்தவர். 2011இல் செண்டாய்க் கரையைக் கடல் மூடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. “உலகத்தில் உனக்கு வேறு ஊர் கிடைக்கவில்லையா?” என்று கேட்கிறார். அப்பா அரசாங்க எழுதுவினைஞர். அவருடைய கவலை பணம். எனக்கு ஜப்பானிய மொழியில் ஹிரகானா எழுத்துகளுக்கு மேல் எதுவும் தெரியாது. நாங்கள் சைவ உணவுக்காரர். இவற்றுடன், அங்கே படிக்கும் பாடங்கள் இங்கே பட்டத்துக்குச் சேருமா, அல்லது என் அணியினர் பட்டம் பெற்றுப் போன பின் நான் மட்டும் இங்கே தங்கிவிடுவேனா என்பதும் தெளிவாகத் தெரியவில்லை. போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

திரும்பி வந்தவன்:

தங்கச்சி, நீங்கள் கடைசியாகக் கேட்டதை நான் முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் நான் கோட்டைவிட்டது அங்கேதான். பொறியியல் மாணவனாக ஓராண்டு ஜப்பானின் கியூஷுத் தீவில் இருந்தேன். நன்றாகவே படித்தேன், இரண்டு பருவத்திலும் சேர்த்துப் பதினான்கு பாடங்களில் சித்தியடைந்தேன். திரும்பி வந்து பெறுபேற்றுப் பட்டியலைப் பீட அலுவலகத்தில் கொடுத்தபோது, அவற்றுள் நான்கை மட்டுமே எங்கள் பட்டத்துக்குரியவையாக ஏற்கலாம் என்றார்கள். “போய்வாரும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று புறப்படும்போது வாயால் சொன்ன விரிவுரையாளர் அந்த நேரம் விடுமுறையில் வெளிநாடு போயிருந்தார். அவர் சொன்னதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. என் அணியினர் பட்டமளிப்பு விழாவுக்கு அங்கி தைக்கக் கொடுத்த மாதத்தில் நான் மூன்றாம் ஆண்டுப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

கணக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புறப்படும் முன் எவரும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதில்லை. ஜப்பானில் ஒரு கிரெடிற் என்பது 45 மணிநேரக் கற்றல். வகுப்பில் இருப்பது, வீட்டில் ஆயத்தம் செய்வது, மீட்டல் எல்லாம் அதற்குள் அடங்கும். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி இங்கே ஒரு கிரெடிற் 50 மணிநேரம். பரிமாற்று மாணவர் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணிநேரமாவது வகுப்பில் இருப்பதை உறுதிசெய்ய, பருவத்துக்கு ஏழு பாடங்களாவது எடுக்கவேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் விதித்திருக்கின்றன. ஒரு வகுப்பு 90 நிமிடம், ஏழுக்குப் பத்தரை மணிநேரம். ஏழும் தலா 2 கிரெடிற் தரும் விரிவுரைகளாக இருந்தால் 14 கிரெடிற், அதாவது 630 மணிநேரம். 50ஆல் வகுத்தால் நம் கணக்கில் 12.6. நம் சட்டகம் ஆண்டுக்கு 30, ஆகவே அரையாண்டுக்கு 15 எதிர்பார்க்கிறது. எல்லாம் சரியாக நடந்தாலே 2.4 கிரெடிற் துண்டு விழுகிறது. நடைமுறையில் எல்லாம் சரியாக நடப்பதில்லை. மொழி வகுப்புகளுக்குப் பெரும்பாலும் 1 கிரெடிற்தான் தருவார்கள். நீங்கள் நான்கு விரிவுரையும் மூன்று மொழி வகுப்பும் எடுத்தால் கையில் இருப்பது 11; இங்கே அது 9.9. அந்த மூன்று மொழி வகுப்பையும் புவியியலுக்குச் சேர்க்க முடியாது என்று பீடம் சொன்னால் மிஞ்சுவது 7.2. இனி ஓராண்டுக்கு இதை இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

ஆகவே பரிந்துரைக் கடிதத்துக்குச் சம்மதம் சொல்லும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடவிவரங்கள் பெரும்பாலும் இணையத்தில் ஆங்கிலத்திலும் கிடைக்கும். அவற்றில் உங்கள் துறைக்கு நெருக்கமான பத்துப் பாடங்களையாவது எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே இங்குள்ள எந்தப் பாடத்துக்கு அது ஈடாகும் என்று ஓர் அட்டவணை தயாரியுங்கள். ஏழு போதுமே, ஏன் பத்து என்று கேட்பீர்கள். அங்கே போனபின் இரண்டு வகுப்பு ஒரே நேரத்தில் மோதும். ஒன்று அந்தப் பருவத்தில் நடக்காது. இன்னொன்று ஆங்கிலத்தில் என்று போட்டிருந்தாலும் போய் உட்கார்ந்தால் ஜப்பானிய மொழியில் நடக்கும். அட்டவணையைத் துறைத்தலைவரிடம் காட்டினால் மட்டும் போதாது. பீடச்சபைக்குப் போய், தேவையானால் மூதவைக்கும் போய், தீர்மானத்தின் பிரதி உங்கள் கையில் இருக்கவேண்டும். அங்கே பாடம் மாறினால் அதே வாரம் மின்னஞ்சல் எழுதி, சம்மதம் என்று ஒரு வரி பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காலக்கணக்கும் இருக்கிறது. ஜப்பானிய முதற்பருவம் ஏப்ரலில் தொடங்கி ஓகஸ்ட் ஆரம்பத்தில் முடியும். இரண்டாம் பருவம் ஒக்டோபரில் தொடங்கிப் பெப்ரவரியில் முடியும். பெறுபேறுகள் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்துசேர மேலும் ஒரு மாதம் பிடிக்கும். நம்முடைய கல்வியாண்டு எந்த மாதம் தொடங்கும் என்பதைப் பஞ்சாங்கம் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்றாலும், பதிவுக்கு முன் பெறுபேறு வராவிட்டால் என்ன செய்வார்கள் என்பதையும் அதே கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். பீடம் எழுத்தில் தந்தால் ஓராண்டு போங்கள். தராவிட்டால் ஒரு பருவம் போதும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து குளிருக்கு:

நான் தற்போது ஜப்பானில் பரிமாற்று மாணவனாக இருக்கிறேன், செண்டாயில் அல்ல. பணத்தைப் பற்றி உங்கள் அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: பரிமாற்று மாணவர் தம் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே கட்டணம் செலுத்துவார், மற்றப் பல்கலைக்கழகம் வாங்காது. நம் அரச பல்கலைக்கழகங்களில் படிப்பு இலவசம். ஜப்பானியத் தேசியப் பல்கலைக்கழகங்களின் நியமக் கட்டணம் ஆண்டுக்கு 535,800 யென். அந்தத் தொகையை நீங்களும் கட்டப்போவதில்லை, அப்பாவும் கட்டப்போவதில்லை. மிச்சம் இருப்பது விமானச் சீட்டு, விடுதி, சாப்பாடு, காப்புறுதி. பல்கலைக்கழக விடுதியில் எனக்கு மாதம் 18,000 யென். நானே சமைப்பதால் சாப்பாட்டுக்கு ஏறக்குறைய 25,000.

ஜாஸோ என்று சுருக்கமாகச் சொல்லும் ஜப்பான் மாணவர் சேவை அமைப்பு, பரிமாற்று மாணவர்களுக்கு மாதம் 80,000 யென் புலமைப்பரிசில் தருகிறது. அதற்கு நாம் நேரே விண்ணப்பிக்க முடியாது. அங்குள்ள பல்கலைக்கழகம்தான் தெரிவு செய்யும், எல்லோருக்கும் கிடைக்காது. அவர்களுடைய கணிப்பு முறையில் 3.00க்கு 2.30 சராசரியாவது இருக்கவேண்டும். கிடைத்தாலும் முதல் மாதமே கைக்கு வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். நான் முதல் ஆறு வாரமும் கொண்டுபோன பணத்தில்தான் வாழ்ந்தேன். இரண்டு மாதச் செலவையாவது கையில் வைத்திருங்கள்.

பகுதிநேர வேலைக்கு விசா தானாக அனுமதி தராது. விமான நிலையத்தில் வதிவிட அட்டை கொடுக்கும்போதே அதற்கான அனுமதிக்கும் ஒரு படிவம் கொடுக்கலாம், அப்போதே முத்திரை குத்தித் தருவார்கள். பருவகாலத்தில் வாரத்துக்கு 28 மணிநேரம், நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணிநேரம் வரை வேலை செய்யலாம். அந்த எல்லையைத் தாண்டுவதைக் குடிவரவுத் திணைக்களம் சிறு குற்றமாகப் பார்ப்பதில்லை. மொழி தெரியாமல் முதல் பருவத்தில் வேலை கிடைப்பதும் எளிதல்ல. ஆகவே வேலை வருமானத்தை நம்பி வரவுசெலவுக் கணக்குப் போடவேண்டாம்.

விசாவுக்கு முன் தகுதிச் சான்றிதழ் ஒன்று வேண்டும். அங்குள்ள பல்கலைக்கழகம் உங்களுக்காகக் குடிவரவுத் திணைக்களத்தில் விண்ணப்பித்து எடுக்கும். ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானுக்குள் நுழைந்துவிடவேண்டும். அதை வைத்துக்கொண்டு கொழும்பு 7இலுள்ள தூதரகத்தின் விசாவைப் பெறலாம். அந்தச் சான்றிதழுக்காக அப்பாவின் வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள், இப்போதே கவனியுங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரம் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலப் பிரதியும் எடுத்து வைத்திருங்கள்.

போய்ச் சேர்ந்து, தங்கும் முகவரி உறுதியான 14 நாளுக்குள் நகரசபை அலுவலகத்தில் பதியவேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் தங்குவோர் தேசிய சுகாதாரக் காப்புறுதியில் சேரவேண்டும். அதன்பின் வைத்தியச் செலவில் நூற்றுக்கு முப்பதுதான் உங்கள் பங்கு. இருபது வயதைக் கடந்தவருக்கு ஓய்வூதியத் திட்டத்திலும் பதிவு வரும். வருமானம் இல்லாததால் விலக்குக் கேட்டு அன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாதாமாதம் கட்டணச் சீட்டு வந்து பயமுறுத்தும்.

கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அப்படித்தான். ஆகவே இங்கே பேராசிரியர் முதல் பல்பொருள் அங்காடிக் காசாளர் வரை எல்லோரும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லி, மரியாதையாகச் ‘சான்’ சேர்த்து அழைக்கிறார்கள். முதல் வாரம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நீளமான பெயரைக் கடகனா எழுத்தில் வங்கிப் படிவத்தின் கட்டங்களுக்குள் அடக்க நானும் அலுவலரும் அரை மணிநேரம் போராடினோம்.

அம்மாவுக்கு: செண்டாய் நகரின் மையப்பகுதி கடலிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீற்றர் உள்ளே இருக்கிறது. 2011இல் அலை மூடியது விமான நிலையமும் வயல்களும் இருந்த தாழ்நிலக் கரையோரத்தை. நிலநடுக்கம் வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சிறு அதிர்வுகள் எனக்கே பழகிவிட்டன. ஆனால் விடுதிக்குள் நுழைந்த முதல் வாரமே எங்கே கூடுவது, எந்த வழியால் இறங்குவது என்று ஒத்திகை நடத்தினார்கள். எந்தத் தெரு எவ்வளவு ஆபத்தானது என்று காட்டும் வரைபடத்தை நகரசபையே கொடுக்கிறது. கல்லடியில் அன்றைக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் என்று உங்கள் அம்மாவே நினைக்கக்கூடும்.

மொழி ஆசிரியை:

நான் கொழும்பில் உயர்தர மாணவர்களுக்கு ஜப்பானிய மொழி கற்பிக்கிறேன். மொழி தெரியாது என்பதற்காக அஞ்சவேண்டாம், மகள். தமிழ் பேசுபவருக்கு அதன் இலக்கணம் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். ‘தபெதெ மிரு’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘தின்று பார்’; ‘கைதெ ஒகு’ என்றால் ‘எழுதி வை’. ஆங்கிலம் வழியாக இதைப் படிப்பவர்கள் வாரக்கணக்கில் திணறுவார்கள். என் தமிழ் மாணவர்கள் ஒரே வகுப்பில் பிடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று நம் இலங்கைத் தமிழருக்கே உரியது. ஜப்பானியத்தில் ‘கொரெ’ என்பது பேசுபவருக்கு அருகில் உள்ளது, ‘சொரெ’ என்பது கேட்பவருக்கு அருகில் உள்ளது, ‘அரெ’ என்பது இருவருக்கும் தொலைவில் உள்ளது, ‘தொரெ’ என்பது கேள்வி. தமிழகத்துப் பேச்சில் ‘உது’ வழக்கொழிந்துவிட்டதால் அவர்களுக்கு நடுவிலே ஒரு படி இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் “உதை இங்கே தா” என்று சொல்லும்போது, கேட்பவர் கையில் இருக்கும் பொருளைத்தான் சொல்கிறார், அதுதான் ‘சொரெ’. இது, உது, அது, எது என்று சொல்லிக்கொடுத்தால் பாட்டியோடு வளர்ந்த பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள்.

இந்த ஒற்றுமைகளை வைத்து இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவருடன் இணைந்து ஆய்வு செய்தார்கள். மொழியியலாளர் பலர் அந்த உறவை ஏற்கவில்லை, நானும் வகுப்பில் அதை உண்மையென்று கற்பிப்பதில்லை. படிப்பதற்குக் கிடைக்கும் வசதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சீனத்திலிருந்து வந்த ‘கஞ்சி’ எழுத்துகளுக்கு இந்த வசதி எதுவும் உதவாது. அதற்கு நாளுக்குப் பத்து எழுத்து என்று உட்கார்ந்தே ஆகவேண்டும். புறப்படும் முன் ஜப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சையின் ஆரம்பப் படியான என்5 மட்டத்தை எட்டிவிட்டால் கடை, பேருந்து, நகரசபை மூன்றையும் சமாளிக்கலாம்.

சைவ உணவைப் பற்றி எச்சரிக்கை: அங்கே மீன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சூப், நூடில்ஸ் குழம்பு, அவித்த மரக்கறி, முட்டைப் பொரியல் என்று எதிலும் ‘தஷி’ என்ற சாறு சேரும்; அது பெரும்பாலும் ‘கட்சுவோபுஷி’ என்ற காய்ந்த மீனைச் சீவிக் காய்ச்சுவது. அந்த மீன் எதுவென்று தெரியுமா? நம்முடைய மாசி செய்யும் அதே சூரைதான். சம்பலில் மாசி போட்டிருப்பதை அறியாமல் கொழும்புக் கடையில் சாப்பிட்டுவிட்டு வருந்திய சைவர்களுக்கு இந்த நிலைமை புரியும். கடற்பாசியில் காய்ச்சும் ‘கொம்பு’ தஷியும் உண்டு. அதைக் கேட்டு வாங்கலாம். விடுதியில் சமையலறை உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். மிளகாய்த்தூள், சரக்குத்தூள் கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலையைப் பயணப்பையில் ஒளித்துக்கொண்டு போகாதீர்கள், பயிர்த் தடுப்புக்காப்பு விதிகள் கடுமையானவை. சளி மாத்திரைகள் சிலவற்றிலும் அங்கே தடைசெய்யப்பட்ட மருந்து இருக்கும். பெட்டியைப் பார்த்து எடுங்கள்.

அரையாண்டா ஓராண்டா என்றால் நான் ஓராண்டு என்பேன். நான்காம் மாதத்தில்தான் காது திறக்கும். அந்த நேரத்தில் திரும்பி வருவது, சோறு வெந்ததும் அடுப்படியை விட்டு எழுந்து போவது போன்றது.

களனிக்கரை:

மேலே ஒருவர் கிரெடிற் கணக்கை வைத்துத் தங்கச்சியைப் பயமுறுத்திவிட்டார் என்று எனக்குப் படுகிறது. நம் பல்கலைக்கழகங்களில் நான்கு ஆண்டுப் பட்டத்தை நான்கு ஆண்டில் முடித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். பணிப்பகிஷ்கரிப்பு, பெருந்தொற்று, எரிபொருள் நெருக்கடி என்று என் அணி ஆறு ஆண்டில் வெளியேறியது. ஒருவரும் ஜப்பான் போகவில்லை. சும்மா வீட்டில் இருந்து இழக்கும் ஆண்டை அங்கே போய் இழப்பதில் என்ன நட்டம்? ஓராண்டு போங்கள், பட்டம் பிந்தினால் பிந்தட்டும்.

திரும்பி வந்தவன்:

எல்லோரும் சேர்ந்து பிந்துவது வேறு, ஒருவர் மட்டும் பிந்துவது வேறு. அரச நியமனத்துக்கு அணி அணியாக விண்ணப்பம் கோரும்போது அந்த வேறுபாடு தெரியும். நான் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஓராண்டை இன்றைக்கும் நான் எதற்கும் மாற்றமாட்டேன்; கையில் ஒரு கடிதம் இருந்திருந்தால் அதை இன்னும் நிம்மதியாக அனுபவித்திருப்பேன்.

வெள்ளவத்தை மாணவி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பாடவிவரங்களைத் தேடிப் பத்துப் பாடங்களுக்கு அட்டவணை தயாரித்தேன். துறைத்தலைவர் அவற்றுள் ஆறை உடனே ஏற்றுக்கொண்டார். இரண்டைத் தெரிவுப் பாடமாகச் சேர்க்கலாம் என்றார். மற்ற இரண்டையும் நீக்கச் சொன்னார். மொழி வகுப்புகளைப் பட்டத்துக்குச் சேர்க்க முடியாது, பெறுபேற்றுப் பட்டியலில் தனியே குறிக்கலாம் என்பது அவருடைய நிலைப்பாடு. நீங்கள் சொன்ன 7.2 கணக்கை எழுதிக் காட்டியபோது சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதை ஏன் இதுவரை எவரும் கொண்டுவரவில்லை?” என்று கேட்டார். விடயம் அடுத்த பீடச்சபைக் கூட்டத்துக்குப் போகிறது.

ஒக்டோபர் பருவத்துக்கு மட்டும் சம்மதம் சொல்லியிருக்கிறேன். பீடச்சபைத் தீர்மானம் நல்லபடியாக வந்தால் ஓராண்டாக மாற்றக் கேட்கலாம், ஆனால் தகுதிச் சான்றிதழுக்கான விண்ணப்பம் போகும் முன் அதைச் சொல்லிவிடவேண்டுமாம். அம்மா இன்னும் முழு மனத்துடன் சம்மதிக்கவில்லை. அந்த வரைபடத்தை இணையத்தில் எடுத்து விடுதி இருக்கும் இடத்தைக் காட்டினேன். கடலுக்கு எவ்வளவு தூரம் என்று விரலால் அளந்து பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது. என் அட்டவணையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆறில் ஒன்று, மீளக்கட்டப்பட்ட கரையோரக் கிராமங்களுக்கு மூன்று நாள் அழைத்துச் செல்லும் களப்பாடம். அது பருவத்தின் நடுவில் தனியாக நடப்பதால் வாராந்த ஏழு பாடக் கணக்கில் சேருமா, அல்லது அதற்கு மேலதிகமாக ஏழு எடுக்கவேண்டுமா? இத்தகைய செறிவு வகுப்பை எடுத்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அட்டவணையைத் திருத்திக் கொடுக்கவேண்டும்.